முகமறியாச் சதுரங்கம்

2021 ஜூன் 13 அன்று, கோவிட் நிவாரண நிதிக்காக விசுவநாதன் ஆனந்த் இணையவழியே பிரமுகர் பலருடன் ஒரே வேளையில் சதுரங்கம் ஆடினார். தொழிலதிபர் நிகில் காமத் அவரை வென்றார். ஐயம் எழவே, கணினியின் துணையும் பிறர் துணையும் பெற்றதை மறுநாளே ஒப்புக்கொண்டார். பலகையில் கண்ட நிலைக்கேற்பவே தாம் ஆடியதாகவும், பிறரிடமும் அதையே எதிர்பார்த்ததாகவும் ஆனந்த் சொன்னார். கடுஞ்சொல் ஒன்றும் இல்லை.

இங்குக் கழக்கூட்டத்தில், டெக்னோபார்க்கை அடுத்த நம் குடியிருப்புகளிலும் பிள்ளைகள் மாலைதோறும் முகமறியாதாருடன் ஆடுகின்றனர். தோற்றால், "அவன் எந்திரம் பார்த்து ஆடினான்" என்கின்றனர். பெற்றோராகிய நாமும் ஆமெனத் தலையசைக்கிறோம். காய்நகர்வுகள் எந்திரத்தோடு எவ்வளவு ஒத்துள்ளன, ஒவ்வொன்றுக்கும் எத்தனை நொடி சென்றது என்று பல ஆட்டங்களை ஒப்பிட்டே வல்லுநர் துணிவர். நமக்கோ ஒரு தோல்வி போதும்! சென்ற மாதம் எம் இல்லத்துச் சிறுவன் தானே சிந்தித்து வென்றான். எதிராளி 'கள்ளன்' என்றெழுதிப் போனான். பிள்ளை அன்றிரவு உண்ணவில்லை.