சுன்னாகத்துக் கிணறுகள் புகட்டும் பாடம்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. மாரி மழை சுண்ணாம்புக் கற்பாறைகளூடாக இறங்கி நிலத்தடியில் தங்குகின்றது. அந்நீரையே நாம் கிணறு வெட்டி அள்ளிப் பருகினோம், தோட்டத்துக்கும் இறைத்தோம்.

அந்நீரிலே எண்ணெய் கலந்தது. சுன்னாகம் மின் நிலையத்தை அண்டிய கிணறுகள் மாசுற்றமை தொடர்பாக, 2015இல் தென்னிலங்கைச் சூழலியலாளர் ஒருவர் உயர் நீதிமன்றில் அடிப்படை உரிமை வழக்குத் தொடுத்தார்.

சுற்றாடலைப் பாதுகாப்பது அரசின் கடமை என இலங்கை அரசியலமைப்பின் 27(14)ஆம் உறுப்புரை கூறுகின்றது. ஆயினும், அக்கடமையை நேரே காட்டி வழக்காட 29ஆம் உறுப்புரை இடந்தருவதில்லை. பின் வழி யாது? சட்டத்தின் முன் யாவரும் சமம் எனும் 12(1)ஆம் உறுப்புரையே வழியாயிற்று. கண்காணிக்கத் தவறிய அரச நிறுவனங்கள் மக்களின் உரிமையை மீறின என 2019 ஏப்ரலில் தீர்ப்பாயிற்று. மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்தல் வேண்டும் எனும் நெறிப்படி, மின்னுற்பத்தி செய்த தனியார் நிறுவனம் 2 கோடி ரூபா செலுத்துமாறு பணிக்கப்பட்டது.

தூய சுற்றாடலை மனித உரிமையென ஐ.நா. பொதுச்சபையும் 2022இல் ஏற்றுக்கொண்டது. எனினும், கெட்ட நிலத்தடி நீரைத் தீர்மானங்கள் மீட்டுத் தாரா. கெடுமுன் காப்பதே சட்டத்தின் முதற் பயன்.

புலம்பெயர் மண்ணில் குழாய் நீர் பருகும் நாம், ஊர்க் காணியின் உறுதியை இன்றும் பத்திரமாக வைத்துள்ளோம். அக்காணிக் கிணற்றின் நீருக்காகவும் நீதிமன்றக் கதவைத் தட்டலாம் என்பதை ஊரிலுள்ள உறவுகளுக்கு எடுத்துரைப்போமாக.