7 நிமிட ஓட்டம்: கையில் கட்டிய வாட்ச் காலை வாருமா?

ஆவடி,

விடியற்காலை 5 மணிக்கு ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கம் போனால் ஏரிக்கரையிலும் ரோட்டோரத்திலும் வாலிபர்கள் கூட்டமாக ஓடுவதைப் பார்க்கலாம். போலீஸ், ராணுவம், மத்திய ஆயுதப்படை என்று ஆளுக்கு ஒரு கனவு. சிறப்பு காவல்படை, சி.ஆர்.பி.எப்., டேங்க் பேக்டரி என்று சீருடையைப் பார்த்தே வளர்ந்த ஊர் ஆச்சே!

முன்பெல்லாம் கோச் கையில் மட்டும்தான் ஸ்டாப் வாட்ச் இருக்கும். இப்போது ஓடுகிற பசங்க கையிலேயே ஸ்போர்ட்ஸ் வாட்ச். எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் எல்லாம் அதுவே சொல்லி விடுகிறது. ஆனால் அது சொல்லும் தூரம் சரியா என்று யாரும் பார்ப்பதில்லை. அங்கேதான் சிக்கல்.

8 வினாடியில் போகும் வேலை

தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டர் தூரத்தை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். பெண்களுக்கு 400 மீட்டர், 2 நிமிடம் 30 வினாடி. நேரம் தாண்டினால் எழுத்துத் தேர்வில் எவ்வளவு மார்க் எடுத்திருந்தாலும் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

ஒருவர் தினமும் வாட்சைப் பார்த்து ஓடுகிறார். 1,500 மீட்டர் முடிந்ததாக வாட்ச் காட்டுகிறது. நேரம் 6 நிமிடம் 55 வினாடி. "பாஸ் மாமே" என்று கை தட்டி வீட்டுக்குப் போகிறார். ஆனால் வாட்ச் 100-க்கு 2 பங்கு கூட்டிக் காட்டியிருந்தால் அவர் ஓடியது 1,470 மீட்டர்தான். மீதி 30 மீட்டருக்கு இன்னும் 8 வினாடி ஆகும். அதாவது 7 நிமிடம் 3 வினாடி. பெயில்! தேர்வு மைதானத்தில் அளந்து கோடு போட்டிருப்பார்கள். "என் வாட்ச்ல சரியா இருந்துச்சு சார்" என்று சொல்லி பயனில்லை.

முதலில் வாட்சில் ஜி.பி.எஸ். இருக்கிறதா?

கடைத்தெருவில் ஆயிரம், இரண்டாயிரத்துக்குக் கிடைக்கும் பல ஸ்மார்ட் வாட்சுகளில் ஜி.பி.எஸ். கிடையாது. கையாட்டத்தை வைத்து எத்தனை அடி எடுத்து வைத்தோம் என்று எண்ணி, குத்துமதிப்பாக ஒரு தூரத்தைக் காட்டும். சிலவற்றில் 'கனெக்டட் ஜி.பி.எஸ்.' என்று போட்டிருப்பார்கள். செல்போனையும் எடுத்துக் கொண்டு ஓடினால்தான் அது வேலை செய்யும். 'பில்ட் இன் ஜி.பி.எஸ்.' என்று அட்டைப் பெட்டியில் இருந்தால் மட்டுமே வாட்ச் தானாகவே செயற்கைக்கோள் சிக்னலைப் பிடிக்கும். வாங்கும்போதே இதைக் கேட்டு விடுவது நல்லது.

செட்டிங்ஸில் எது?

ஜி.பி.எஸ். என்பது அமெரிக்காவின் செயற்கைக்கோள் கூட்டம். பூமிக்கு மேலே சுமார் 20 ஆயிரம் கிலோ மீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. ரஷியாவுக்கு குளோனாஸ், ஐரோப்பாவுக்கு கலிலியோ, சீனாவுக்கு பெய்டோ இருக்கிறது. இடம் கண்டுபிடிக்க குறைந்தது 4 செயற்கைக்கோள் கண்ணில் பட வேண்டும். கூடுதலாகப் பட்டால் கணக்கு இன்னும் சரியாக இருக்கும்.

வாட்ச் செட்டிங்ஸில் 'ஜி.பி.எஸ். ஒன்லி' என்றால் அமெரிக்க செயற்கைக்கோள் மட்டும். 'ஆல் சிஸ்டம்ஸ்' என்றால் எல்லா நாட்டுடையதும். 'மல்டி பேண்ட்' அல்லது 'டூயல் பிரீக்வென்சி' என்று இருந்தால் ஒரே செயற்கைக்கோளின் சிக்னலை 2 அலைவரிசையில் வாங்கும். பெயர் கம்பெனிக்கு கம்பெனி கொஞ்சம் மாறும்.

இந்த மல்டி பேண்ட் எதற்கு? அடுக்குமாடி சுவரில் பட்டுத் திரும்பும் சிக்னல் தாமதமாக வந்து சேரும். வாட்ச் ஏமாந்து போய், நாம் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் தாவி விட்டதாக நினைத்துக் கொள்ளும். நேராக ஓடினாலும் வளைந்து வளைந்து ஓடியது போல கோடு விழும், தூரம் ஏறும். 2 அலைவரிசை இருந்தால் எது நேராக வந்தது, எது சுவரில் பட்டு வந்தது என்று ஓரளவு பிரித்து விடும். பூந்தமல்லி - போரூர் ரோட்டில் மெட்ரோ ரெயில் பாலத்துக்கு அடியில் ஓடுகிறவர்களுக்கு எந்த செட்டிங்ஸ் வைத்தாலும் கஷ்டம்தான். தலைக்கு மேலே வானமே தெரியாத இடத்தில் வாட்ச் என்ன செய்யும்? பருத்திப்பட்டு ஏரிக்கரை மாதிரி திறந்தவெளி எவ்வளவோ மேல்.

சார்ஜ் தீர்ந்து விடும் என்று பயந்து பலர் சேமிப்பு 'மோடு' வைத்திருக்கிறார்கள். இது வேண்டவே வேண்டாம். அதில் வாட்ச் விட்டு விட்டுத்தான் இடத்தைப் பதிவு செய்யும். இடையில் இருக்கும் வளைவெல்லாம் காணாமல் போகும். புரட்டாசியில் திருப்பதிக்கு பாதயாத்திரை போகிறவர்களுக்கு அது சரி. 7 நிமிட ஓட்டத்துக்கு சார்ஜ் ஒரு பிரச்சினையா? இருப்பதிலேயே துல்லியமான செட்டிங்ஸை வைத்து விட வேண்டியதுதான்.

நம்ம ஊர் நாவிக்

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் போவதை மொட்டை மாடியில் நின்று பார்க்கிற ஊர்க்காரர்கள், 'நம்ம நாட்டு செயற்கைக்கோள் வாட்சில் வராதா?' என்று கேட்பது நியாயம்தான். இஸ்ரோவின் நாவிக் திட்டத்தில் முதல் செயற்கைக்கோள் 2013 ஜூலையில் ஏவப்பட்டது. ஆனால் சின்ன வாட்ச் சிப்புகள் வழக்கமாகப் பிடிக்கும் எல்-1 அலைவரிசை அதில் இல்லை. 2023 மே 29-ந்தேதி ஏவப்பட்ட என்.வி.எஸ்.-01 செயற்கைக்கோளில்தான் அது முதன்முறையாக சேர்க்கப்பட்டது. 2025 ஜனவரியில் போன என்.வி.எஸ்.-02, வால்வு திறக்காததால் போக வேண்டிய சுற்றுப்பாதைக்குப் போகவில்லை. அதனால் வாட்சில் நாவிக் பெயர் இல்லை என்றால் கவலைப்பட வேண்டாம்.

பட்டனை அமுக்கும் முன்பு

வீட்டை விட்டுக் கிளம்பும் முன் வாட்சை செல்போனோடு ஒரு தடவை இணைத்து விட்டால், எந்த செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்ற விவரம் ஏறி விடும். மைதானத்துக்குப் போய் ஒன்றிரண்டு நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். சிக்னல் கிடைத்ததாக வாட்ச் சொன்ன பிறகுதான் ஸ்டார்ட். அவசரப்பட்டு அமுக்கினால் முதல் சுற்றே கோணல்.

400 மீட்டர் டிராக்கில் ஓடுகிறவர்கள் வாட்சில் 'டிராக் ரன்' இருந்தால் அதையே வைத்து, எந்த லேன் என்பதையும் சொல்லி விட வேண்டும். சாதாரண மோடில் வளைவை வாட்ச் வெட்டி விடும். 1,500 மீட்டர் என்பது முதல் லேனில் 3 சுற்றும் 300 மீட்டரும்.

பெண்களின் 400 மீட்டருக்கு எந்த வாட்ச் தூரத்தையும் நம்பக் கூடாது. சில மீட்டர் பிசகினாலே கணக்கு கெட்டு விடும். கட்டிட மேஸ்திரி வைத்திருக்கும் 30 மீட்டர் டேப்பை ஒரு நாள் இரவல் வாங்கி, நேர் ரோட்டில் 100 மீட்டர் அளந்து 2 பக்கமும் சுண்ணாம்புக் கோடு போட்டால் போதும். வாட்ச் நேரத்தை மட்டும் பார்த்தால் சரி. அதே 100 மீட்டரில் 10 தடவை போய் வந்து, 2 கிலோ மீட்டருக்கு வாட்ச் என்ன காட்டுகிறது என்று பார்த்தால் அதன் வண்டவாளமும் தெரிந்து விடும்.