ஜெர்மனியில் நீச்சல் குளத்துக்குப் போறீங்களா? முதலில் குளிச்சுட்டு வரச் சொல்வது ஏன்?

ஜூலை மாதம், வெளியே 35 டிகிரி. வேலைக்காக பெர்லினுக்கோ மியூனிக்குக்கோ போன சென்னைக்காரருக்கு 'இதெல்லாம் ஒரு வெயிலா' என்றுதான் தோன்றும், வாடகை வீட்டுக்குள் நுழையும் வரை. குளிரைத் தாங்கக் கட்டிய வீடு அது. பெரும்பாலும் ஏசி கிடையாது, சீலிங் ஃபேனும் கிடையாது. அலுவலக நண்பர்கள் 'ஃப்ரைபாட் போலாம் வா' என்பார்கள். திறந்தவெளி நீச்சல் குளத்துக்கு அங்கே அதுதான் பெயர். பெரும்பாலும் உள்ளூர் நிர்வாகமே நடத்தும். மே முதல் செப்டம்பர் வரை திறந்திருக்கும். குளத்தைச் சுற்றிப் புல்தரை, மரநிழல், உருளைக்கிழங்கு வறுவல் விற்கும் கடை என்று குடும்பத்தோடு ஒரு நாள் முழுக்கக் கிடக்கலாம்.

டிக்கெட் வாங்குவது பெரிய விஷயமில்லை. பெர்லினில் மட்டும் 2023 கோடையில் நடந்த அடிதடிகளுக்குப் பிறகு வாசலில் அடையாள அட்டை கேட்க ஆரம்பித்தார்கள். லாக்கருக்கு 1 அல்லது 2 யூரோ நாணயம் தேவைப்படலாம், எடுத்துக்கொண்டு போவது நல்லது. புதிதாகப் போகிறவர்கள் தடுமாறுவது உடை மாற்றும் அறையைத் தாண்டிய பிறகுதான்.

உடுப்பே இல்லாமல் குளிக்கணுமா?

திறந்தவெளிக் குளங்களில் ஓரமாக இருக்கும் ஷவரில் நீச்சல் உடையோடு நனைந்துவிட்டு இறங்கலாம். குளிர்காலத்தில் உள்ளரங்கக் குளத்துக்கு (ஹாலன்பாட்) போகும்போதுதான் பலருக்குத் தூக்கிவாரிப்போடும். 'நீச்சல் உடையைக் கழற்றிவிட்டு, சோப்பு போட்டுக் குளித்த பிறகே குளத்தில் இறங்கவும்' என்று பலகை இருக்கும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி ஷவர் அறைதான். ஆனால் பல இடங்களில் உள்ளே தடுப்பு எதுவும் இருக்காது. பக்கத்தில் ஒரு தாத்தா எந்தக் கூச்சமும் இல்லாமல் தலைக்கு ஷாம்பு போட்டுக்கொண்டிருப்பார். எல்லோரும் இந்த விதியை அப்படியே பின்பற்றுகிறார்களா என்றால், இல்லை. கூச்சப்பட்டு உடையோடு குளிப்பவர்களும் உண்டு. ஐஸ்லாந்தில் அந்தச் சலுகையும் கிடைக்காது. எந்தெந்த இடத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும் என்று படம் போட்டே மாட்டியிருப்பார்கள்.

வெறும் சுத்தப் பைத்தியம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. நீச்சல் குளத்தில் மூக்கைத் துளைக்கும் நெடியை நாம் 'குளோரின் வாசனை' என்கிறோம். 'நிறைய மருந்து போட்டிருக்காங்க, தண்ணி சுத்தமாத்தான் இருக்கும்' என்று நம்பி இறங்குகிறோம். உண்மை கிட்டத்தட்ட தலைகீழ். வியர்வையிலும் சிறுநீரிலும் உள்ள நைட்ரஜன் பொருட்களோடு குளோரின் வினைபுரிந்து குளோரமைன் என்ற சேர்மங்கள் உருவாகின்றன. அந்த நெடி அவற்றுடையது. கண் சிவப்பதற்கும், மூடிய அரங்கில் இருமல் வருவதற்கும் பெரும்பாலும் இவைதான் காரணம். கிருமியைக் கொல்ல வேண்டிய குளோரினும் இதிலேயே செலவாகிவிடுகிறது.

ஜெர்மனியின் குளத்து நீருக்கான தரவிதி (டிஐஎன் 19643) இந்த இடத்தில் கறாரானது. வழக்கமான நீச்சல் குளத்தில் ஒரு லிட்டருக்கு 0.3 முதல் 0.6 மில்லிகிராம் வரைதான் குளோரின் இருக்க வேண்டும். அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையமான சிடிசி, குறைந்தது 1 மில்லிகிராம் இருக்கட்டும் என்கிறது. ஜெர்மனியில் வினைபுரிந்துவிட்ட குளோரினுக்கும் வரம்பு உண்டு: லிட்டருக்கு 0.2 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. வந்து போகும் ஒவ்வொருவருக்கும் 30 லிட்டர் வீதம் புதுத் தண்ணீர் சேர்க்க வேண்டும் என்பதும் விதி. மருந்து குறைவாக இருக்க வேண்டுமென்றால், இறங்குகிறவர்கள் அழுக்கில்லாமல் வர வேண்டும். ஒரே ஒரு நிமிட ஷவரே உடம்பில் உள்ள பெரும்பாலான அழுக்கை நீக்கிவிடும் என்கிறது சிடிசி.

சுடிதாரோடு இறங்கலாமா?

முடியாது. குற்றாலத்திலும் கடற்கரையிலும் போட்ட துணியோடு நனைந்து பழகியவர்களுக்கு இது சங்கடம்தான். பருத்தித் துணி நீரை உறிஞ்சிக் கனத்துவிடும், நீந்தவிடாமல் இழுக்கும். வெளியே போட்டுச் சுற்றிய துணியின் தூசும் தண்ணீரில் கலக்கும். ஆண்கள் உள்ளாடை மீது ஷார்ட்ஸ் போட்டு வருவதற்குத் தடை இருப்பதும் அதனால்தான். நீச்சலுக்கென்றே தைத்த தொளதொள ஷார்ட்ஸுக்கு ஜெர்மனியில் பொதுவாகப் பிரச்சினையில்லை. எல்லை தாண்டி பிரான்ஸுக்குப் போனால் அதுவும் செல்லாது. அங்கே பெரும்பாலான நகராட்சிக் குளங்களில் உடம்போடு ஒட்டிய டிரங்க் மட்டும்தான் அனுமதி. பல இடங்களில் தலைக்குத் தொப்பியும் கட்டாயம்.

பெண்கள் உடம்பை மூட விரும்பினால், நீச்சல் துணியிலேயே தைத்த முழுக்கை, முழுக்கால் உடைகள் கிடைக்கின்றன. ஜெர்மனியில் பல குளங்கள் இவற்றை ஏற்கின்றன, ஆனால் ஊருக்கு ஊர் விதி மாறும் என்பதால் குளத்தின் இணையதளத்தில் பார்த்துவிடுவது நல்லது. வாரத்தில் சில மணி நேரம் பெண்களுக்கு மட்டும் என்று ஒதுக்கும் நகரங்களும் உண்டு.

நீச்சல் தெரியாது என்றால்?

இதைச் சொல்லத்தான் பலருக்கு வாய் வராது. ஆறு வயதுப் பிள்ளைகள் டைவ் அடிக்கும் இடத்தில், முப்பது வயதில் 'எனக்குத் தெரியாது' என்று நிற்பது சுலபமில்லை. ஆனால் அதற்கென்றே தனித் தொட்டி இருக்கிறது. 'நிஷ்ட்ஷ்விம்மர்' (நீந்தத் தெரியாதவர்) என்று எழுதியிருக்கும். ஆழம் அதிகபட்சம் 1.35 மீட்டர், அதாவது நாலரை அடிக்குக் கொஞ்சம் குறைவு. லைஃப் கார்டு கண்காணித்துக்கொண்டிருப்பார். சந்தேகம் வந்தால் ஆழமான தொட்டியிலிருந்து ஏறச் சொல்வார். அதை அவமானமாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இந்தக் கூச்சத்துக்கும் விதிகளுக்கும் பயந்து, 'எதுக்கு வம்பு, ஏரிக்குப் போயிடலாம்' என்று முடிவெடுப்பதுதான் உண்மையான ஆபத்து. ஏரியில் டிக்கெட் இல்லை, ஷவர் இல்லை. பல இடங்களில் லைஃப் கார்டும் இல்லை. ஜெர்மனியின் உயிர்காப்போர் சங்கமான டிஎல்ஆர்ஜி கணக்கின்படி 2024-ல் அங்கே நீரில் மூழ்கி இறந்தவர்கள் 400-க்கும் மேல். அதில் பெரும்பாலோர் இறந்தது ஏரிகளிலும் ஆறுகளிலும்தான். ஜல்லி தோண்டிய பள்ளங்களில் உருவான ஏரிகளில் கரையிலிருந்து நாலு எட்டு வைத்ததுமே தரை சட்டென்று இறங்கிவிடும். மேலே வெதுவெதுப்பாக இருக்கும் தண்ணீர், கொஞ்சம் கீழே போனால் உறைய வைக்கும். ரைன் நதியிலோ, கடந்து போகும் சரக்குக் கப்பல்களே கரையோரத் தண்ணீரை உள்ளே இழுக்கும். ஊர்க் கிணற்றில் குதித்துக் கற்றுக்கொண்டவர்களும் இந்தத் தண்ணீரைக் குறைத்து எடைபோடக் கூடாது.

எவ்வளவு தெரிந்தால் 'நீச்சல் தெரியும்' என்று சொல்லலாம்? அங்கே குழந்தைகள் வாங்கும் முதல் பேட்ஜ் 'ஸேப்ஃபெர்ட்சென்', அதாவது கடல்குதிரை. 25 மீட்டர் நீந்தி, தோளளவு தண்ணீரில் கிடக்கும் பொருளை எடுத்துவர வேண்டும். இது போதாது என்கிறது டிஎல்ஆர்ஜி. அடுத்த படியான வெண்கலப் பேட்ஜ் வாங்கியவரைத்தான் பத்திரமாக நீந்தக்கூடியவர் என்று ஏற்கிறது. அதற்கு 15 நிமிடம் நிற்காமல் நீந்தி, குறைந்தது 200 மீட்டர் கடக்க வேண்டும்.

பெரியவர்களுக்கான தொடக்க வகுப்புகளைக் குளங்களும், உள்ளூர் நீச்சல் சங்கங்களும், 'ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலே' எனப்படும் மக்கள் கல்வி மையங்களும் நடத்துகின்றன. இணையத்தில் 'ஷ்விம்கூர்ஸ் எர்வாக்ஸனே' என்று ஊர்ப் பெயரோடு தேடலாம். வகுப்புகள் சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதால், வெயில் வரும் வரை காத்திருக்காமல் குளிர்காலத்திலேயே பெயர் கொடுத்துவிட வேண்டும்.