வீட்டுத் திரையிலே நம் பேச்சு

திரைப்பட விமர்சகன் என்று சொல்லிக்கொள்ளும் தகுதி எனக்கு இல்லை. ஒளிப்பதிவின் நுட்பமோ படத்தொகுப்பின் இலக்கணமோ நான் கற்றவை அல்ல. வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஓர் ஒழுங்கையில், சனிக்கிழமை இரவுகளில் வீட்டு முன்கூடத்திலிருந்து படம் பார்க்கும் ஒருவனின் அபிப்பிராயங்களே இவை. உடனிருந்து பார்ப்போர் மூவர்: வடமராட்சியில் வாழ்ந்து முதுமையிலே கொழும்புக்கு வந்த என் தாயார், கொட்டாஞ்சேனையிற் பிறந்த மனைவி, ஆங்கில மொழியிற் கற்கும் மகள். மூவர் பேசும் தமிழும் ஒன்றல்ல. ஆதலினாலே, படமாளிகையில் எனக்கு ஒருநாளும் தோன்றாத கேள்வி வீட்டிலே தோன்றிற்று: திரையிலே பேசுகிறவர்கள் எந்த ஊர்த் தமிழைப் பேசுகிறார்கள்?

மனைவியின் சிற்றப்பா ஒருவர் இருக்கிறார். கொட்டாஞ்சேனைச் செல்லமஹாலிலும் கெயிட்டியிலும் வரிசையில் நின்று, சட்டை கசங்கிப் படம் பார்த்த தலைமுறையினர். வீட்டிலே பார்ப்பதைப் 'படம் பார்த்தல்' என்று ஒப்புக்கொள்ள அவர் இன்றுவரை மறுக்கிறார். அவர் கூற்றிலே பாதி உண்மை உண்டு. விசிலும் கைதட்டும் இல்லாத இடத்தில் கதாநாயகனின் வீரம் மிகவும் சோர்ந்துவிடுகிறது. ஆனால் அந்த ஆரவாரத்தினுள்ளே அமிழ்ந்துபோகும் ஒன்று வீட்டிலே மேலெழுகிறது. திரையிலே ஒருத்தி கணவனை 'என்னங்க' என்கிறாள். அதே வேளையில் சமையலறையிலிருந்து 'இஞ்சாருங்கோ' என்ற குரல் வருகிறது. அந்த ஒப்பீட்டுக்குத் தப்பும் படங்கள் மிகச் சில.

இந்நாட்டில் வீட்டுத் திரைக்கு வயது அதிகமில்லை. சுயாதீனத் தொலைக்காட்சி 1979இலும் ரூபவாகினி 1982இலும் தொடங்கின. எண்பதுகளில் வீடியோ நாடாக்களை வாடகைக்கு விடும் கடைகள் தோன்றின. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் அற்ற தொண்ணூறுகளில் ஜெனரேற்றரும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, ஓர் இரவில் மூன்று படம் பார்த்த அனுபவத்தை அவ்வூரார் பலர் சொல்லக் கேட்கலாம். இன்று கைத்தொலைபேசியே படமாளிகை. ஆயினும் இவை அனைத்திலும் நாம் பார்த்தவை பெரும்பாலும் சென்னையில் ஆக்கப்பட்ட படங்கள். அவற்றிலே நம்மவர் தோன்றும்போது எவ்வாறு பேசுகிறார்கள் என்பதையே இங்கு ஆராய விரும்புகிறேன்.

கே. எஸ். ரவிக்குமார் இயக்கிய 'தெனாலி' 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதிலே கமல்ஹாசன் யாழ்ப்பாணத் தமிழ் பேசுகிறார். அவர் எடுத்த முயற்சி சிறிதன்று. நம் வானொலி அறிவிப்பாளர் பி. எச். அப்துல் ஹமீதின் துணையும் அவருக்குக் கிட்டியது. சொற்களில் பிழை காண்பது கடினம். ஆனாலும் என் தாயார் அரை மணி நேரத்திற்குள் தீர்ப்பு வழங்கிவிட்டார்: "சொல்லு எங்கட சொல்லுத்தான், இழுவை எங்கட இழுவை இல்லை." எனக்கு அதனினும் பெரிய குறை ஒன்று தென்படுகிறது. படத்திலே அவ்வாறு பேசுபவர் ஏறத்தாழ அவர் ஒருவரே. ஒரு வழக்கை ஒருவன் மட்டும் பேசினால் அது வேடிக்கையாகிவிடும். கேட்டு மறுமொழி சொல்ல அதே வழக்கில் இன்னொருவன் வேண்டும். அந்த இன்னொருவன் அங்கு இல்லை. ஆகவே அஞ்சுவதும் நகைப்பு, பேசுவதும் நகைப்பு. தன் அச்சத்தின் வேர் போரிலே கண்டவற்றில் இருக்கிறதென்று அவன் சொல்லும் இடத்தில் மட்டும் எங்கள் வீட்டில் எவரும் சிரிக்கவில்லை.

மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002) கண்ணுக்கு நிறைவளித்தது. செவிக்கு அவ்வளவு இல்லை. மாங்குளத்துப் பெண்ணாக வரும் நந்திதா தாஸின் முகத்தில் இருக்கும் மெய்ம்மை அவர் வாய்ச்சொல்லில் இல்லை. முடிவிலே தாயும் மகளும் சந்திக்கும் காட்சி வெற்றிபெறுவதற்கு, அங்கே அவர் அதிகம் பேசாமையும் ஒரு காரணம் என்பேன்.

தீபா மேத்தாவின் 'ஃபன்னி போய்' 2020இல் இணையவழி வீடுகளுக்கே வந்த படம். ஷியாம் செல்வதுரையின் 1994ஆம் ஆண்டு நாவலைத் தழுவியது. கொழும்புத் தமிழ்க் குடும்பமொன்றின் கதை. 1983 ஆடிக் கலவரத்தில் முடிவது. அதன் தமிழ் உச்சரிப்பைத் தமிழர் பலர் வன்மையாகக் கண்டித்தனர். கண்டனம் நியாயமானதே. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அத்தகைய வசதி படைத்த கொழும்புக் குடும்பங்கள் வீட்டில் ஆங்கிலம் பேசியது பொய்யன்று. ஆங்கிலம் மிகுந்துவிட்டதென்று ஒஸ்கார் பரிசின் பிறமொழிப் பிரிவிலிருந்து அப்படம் விலக்கப்பட்டது. தமிழோ போதிய தமிழாக இல்லையென்று நம்மவரால் விலக்கப்பட்டது! பாவம், அந்தப் படத்துக்கு இருபுறமும் இடி. இதற்கு மாறானது ஜாக் ஓடியார் என்னும் பிரெஞ்சுக்காரர் இயக்கிக் கான் விழாவின் 2015ஆம் ஆண்டுத் தங்கப்பனையை வென்ற 'தீபன்'. இயக்குநருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் நாயகனாக நடித்தவர் எழுத்தாளர் ஷோபாசக்தி. அவர் வாய் திறந்த உடனேயே என் தாயார் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

2025இல் வந்த 'டூரிஸ்ட் ஃபேமிலி' எங்கள் வீட்டில் எல்லாரையும் சிரிக்க வைத்தது. இலங்கையிலிருந்து சென்னைக்குத் தப்பிச்சென்ற குடும்பம், தம் பேச்சினால் அகப்பட்டுவிடலாகாதென்று அஞ்சி வாழ்கிறது. நகைச்சுவை நன்று. எனினும் கொழும்பிலே வாழ்பவனுக்கு அச்சிரிப்பு முழுதாக வருவதில்லை. 1958இலும் 1983இலும் இவ்வூர் வீதிகளிலே மறித்து, வாளியைக் குறிக்கும் சிங்களச் சொல்லைச் சொல்லச் சொல்லி, அதன் முதலெழுத்தின் ஒலியைக்கொண்டு தமிழரைப் பிரித்தறிந்தார்கள். நாவின் ஒரு சிறு அசைவு உயிரின் விலையாயிருந்த ஊர் இது. உச்சரிப்பைப் பற்றி இவ்வளவு நுணுகுவது வேலையற்றவன் வேலையென்று கருதும் நண்பர்களுக்கு இதையே நினைவூட்டுவேன்.

வெளியார் நம் பேச்சைப் பிழையாகப் பேசுகிறார்களென்று குறைகூறும் நாம், நம் சொந்தப் படங்களில் என்ன செய்தோம்? 1962இல் 'சமுதாயம்', 1963இல் 'தோட்டக்காரி' எனத் தொடங்கிய இலங்கைத் தமிழ்ப்படங்கள் தொடக்கத்தில் தென்னிந்தியப் படங்களின் நிழலிலேயே நடந்தன. சிங்களத் திரைக்கும் அத்தகைய காலம் இருந்தது. 1956இல் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் 'ரேகாவ' படத்துக்காகக் கமராவைக் கிராமத்துக்குத் தூக்கிச் சென்றபோதே அது தன் காலில் நின்றது. தமிழில் அத்திருப்பம் பிந்தி வந்தது. கட்டடக் கலைஞர் வி. எஸ். துரைராஜா தயாரித்த 'குத்துவிளக்கு' 1972இல் வந்தது. செங்கை ஆழியானின் நெடுந்தீவு நாவல் 'வாடைக்காற்று' 1978இல் படமாயிற்று. மரிக்கார் ராமதாஸ் குழுவினர் வானொலியில் நடத்திய நகைச்சுவை நாடகம் 1976இல் 'கோமாளிகள்' ஆயிற்று. அதில் கலக்கும் பலவகைத் தமிழும் கொட்டாஞ்சேனைச் சந்தியில் ஒரு காலைப் பொழுதில் காதில் விழக்கூடியவையே.

இவையனைத்திலும் என் மனம் நிலைப்பது 1977ஆம் ஆண்டின் 'பொன்மணி'யிலே. இயக்கியவர் தர்மசேன பத்திராஜா, சிங்களவர், யாழ்ப்பாண வளாகத்தில் விரிவுரையாளராயிருந்தவர். எழுதியவர் காவலூர் இராசதுரை. எழுத்தாளர் நந்தி, சித்திரலேகா மௌனகுரு முதலியோர் நடித்தனர். சீதனமும் சாதியும் ஒரு யாழ்ப்பாணக் குடும்பத்தை உள்ளிருந்தே நெரிக்கும் கதை. படமாளிகைகளில் அது ஓடவில்லை. ஓடாததில் வியப்பில்லை. சண்டையில்லை; நகைச்சுவைப் பகுதியில்லை; பாத்திரங்கள் பேசுவதைவிடப் பேசாதிருப்பதே மிகுதி. நூற்றுக்கணக்கானோர் நடுவே அந்த மௌனம் பொறுமையைச் சோதித்திருக்கும். வீட்டிலோ அது வீட்டு மௌனமாகவே இருக்கிறது. தந்தை இருக்கும் கூடத்தில் பெண்பிள்ளைகள் குரலைத் தாழ்த்துவது, கேட்ட கேள்விக்கு விடை சொல்லாமல் வேறு வேலையைத் தொடங்குவது - இவற்றையும் பேச்சு வழக்கின் பகுதியென்றே கொள்ளவேண்டும். 'ஓம்' என்பதை எத்தனை விதமாகச் சொல்லலாமென்பதை அறிய விரும்பும் மாணவர்கள் இப்படத்தைப் பார்க்கலாம். என் தாயார் இதில் ஒரு குறையும் சொல்லவில்லை. படம் முடிந்த பின்னரும் சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

வட்டார வழக்கு ஒன்றே படத்துக்கு உயிரா என்று கேட்கலாம். அறுபதுகளின் தொடக்கத்தில் நம் இலக்கிய உலகில் நிகழ்ந்த மரபுப் போராட்டத்தின் எதிரொலி இக்கேள்வி. அன்று புனைகதையிலே பேச்சுத் தமிழுக்கு இடமுண்டா என்று வாதிட்டார்கள், கதை வென்றது. நானும் வழக்கொன்றே போதுமென்று வாதிடவில்லை. மட்டக்களப்பிலே பிறந்த பாலு மகேந்திராவின் 'வீடு' (1988) முழுக்கச் சென்னைத் தமிழ் பேசும் படம்; வாடகை வீட்டுக் குடும்பமொன்று ஒரு வீடு கட்டப் படும் பாடு; அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் அத்தகைய கலைஞர் தம் ஊர்ப் பேச்சில் ஒரு முழுப்படம் எடுக்காமலே 2014இல் மறைந்தது நம் இழப்பு. அவருடைய 'வீடு', 'சந்தியா ராகம்' ஆகியவற்றின் மூலச் சுருள்களே அழிந்துபோயினவென்று அவரே மேடைகளில் வருந்தியிருக்கிறார்.

நம் படங்களின் கதி அதனினும் கொடிது. 1983 ஆடியிலே படமாளிகைகள் எரிந்தன; ஹெந்தளையில் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோ எரிந்தது. படச்சுருள்கள் பல அத்தீயில் போயின. இன்று நாம் வீட்டிலே காண்பவை, யாரோ ஒருவர் எப்போதோ வீடியோவில் பிரதி செய்து வைத்த மங்கிய உருவங்களே. 'பொன்மணி'யைக் கீறல் விழுந்த பிரதியிலேதான் நான் பார்த்தேன். இத்தகைய வீடியோ நாடாக்கள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இன்னும் சில வீடுகளின் அலுமாரிகளில் கிடக்கக்கூடும். கடற்காற்றின் ஈரத்தில் நாடாவிலே பூஞ்சணம் விரைவாகப் பிடிக்கும். அவற்றை ஓட்டும் பொறிகளும் அருகிவிட்டன. வைத்திருப்போர் இவ்வாண்டு மாரிக்கு முன்பே எடுத்து, தெரிந்த ஒருவரிடம் கொடுத்துக் கணினியிற் பதிந்துவைப்பது நல்லது.