காந்தம் ஒட்டாத தட்டும் கோர் பாடமும்

சேலம் அரசு பொறியியல் கல்லூரி 1966-ல் தொடங்கியது. அங்கே உலோகவியலும் இளநிலைப் படிப்பு. பக்கத்திலேயே கஞ்சமலை, உருக்காலை. இருந்தும் கவுன்சலிங் சமயத்துல பசங்க கேக்குறது ஒண்ணுதான்: "அந்தப் பாடமெல்லாம் எதுக்கு சார் உதவும்?"

அதன் அடித்தளம் இரும்பு-கார்பன் வரைபடம். சுத்த இரும்பு 912 டிகிரி செல்சியஸைத் தாண்டினா அணு அடுக்கு மாறும். அந்த நிலைக்குப் பேர் ஆஸ்டினைட். காந்தம் அதை இழுக்காது. ஆறினா பழைய அடுக்கு திரும்பிடும். 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் சேர்த்தா, ஆறின பிறகும் ஆஸ்டினைட்டாவே நிக்கும். 304 ரக எவர்சில்வர் தட்டில் பொதுவா காந்தம் ஒட்டாததுக்கு இதுதான் காரணம். (நிக்கலைக் குறைச்சு மாங்கனீசு சேர்த்த மலிவு ரகத்திலும் ஒட்டாது. காந்தத்தை மட்டும் நம்பி வாங்காதீங்க!)

நாமக்கல் லாரிக்கு வாங்க. உடைஞ்ச ஸ்பிரிங் பிளேட்டை வெல்டு வெச்சா ஏன் மறுபடி உடையுது? அதில் கார்பன் அதிகம். வெல்டை ஒட்டின பகுதி செக்கச்செவேல்னு சூடாகி ஆஸ்டினைட் ஆகும். சுத்தியிருக்கும் குளிர்ந்த இரும்பு சட்டுனு சூட்டை உறிஞ்சிடும். பழைய அடுக்குக்குத் திரும்ப நேரமில்லாம, கடினமான, ஆனா நொறுங்கக்கூடிய மார்டன்சைட் ஆயிடும். லோடு ஏத்தி ஒரு பள்ளத்துல இறங்கினா போதும். பிளேட்டையே மாத்திடுங்க.