ஒரு நட்சத்திரக் குறியும் மூன்று மாதப் பில்களும்

கடைப் பில்களை ஸ்கேன் பண்ணி இணையக் களஞ்சியத்தில் போட்டு வைப்பது எமது வழக்கம். "பில்/2023-1-045" என்பது போல வருடம், மாதம், இலக்கம் என்று பெயர் வைத்தோம். ஜனவரிப் பில்கள் தெளிவில்லாமல் விழுந்திருந்தன. அவற்றை அழித்து மறுபடி ஏற்றச் சொன்னேன். மகன் "பில்/2023-1*" என்று கட்டளை கொடுத்தான். ஜனவரியுடன் ஒக்டோபர், நவம்பர், டிசம்பரும் போய்விட்டன. "ஒண்டுதானே வாப்பா அடிச்சேன்" என்றான்.

அவன் அடித்தது ஒன்றுதான். நட்சத்திரக் குறிக்கு "இதற்குப் பின்னால் எது வந்தாலும் சரி" என்று பொருள். 10, 11, 12 எல்லாமே 1இல்தான் தொடங்குகின்றன. "2023-1-*" என்று கோடு போட்டிருந்தால் தப்பியிருப்போம். இப்போது "01" என்றே எழுதுகிறோம்.

இன்னொரு விடயம். இந்தக் களஞ்சியங்களில் பொதுவாக உண்மையான ஃபோல்டர் கிடையாது. சாய்கோடும் பெயரில் ஓர் எழுத்துத்தான். திரையில்தான் ஃபோல்டர் போலக் காட்டுவார்கள். அதனால் நட்சத்திரம் எங்கே நிற்கும் என்பது கருவிக்குக் கருவி வேறுபடும். கூகிள் கிளவுட் கட்டளையில் ஒற்றை நட்சத்திரம் சாய்கோட்டில் நின்றுவிடும், இரட்டை நட்சத்திரம் தாண்டிப் போகும். 2006இல் வந்த அமேசன் எஸ்3இன் கட்டளையிலோ ஒற்றை நட்சத்திரமே தாண்டிவிடும்.

அமேசனில் ஒரு பொறியும் உண்டு. ஃபோல்டர் முழுவதற்குமான அழிப்புக் கட்டளையில் "இன்குளூட்" மட்டும் போட்டால் எல்லாமே அழியும். ஏனென்றால் ஆரம்பத்திலேயே எல்லாம் சேர்க்கப்பட்டவைதான். முதலில் "எக்ஸ்குளூட்" போட்டு அனைத்தையும் விலக்கி, பிறகு வேண்டியதைச் சேர்க்க வேண்டும். வரிசை மாறினாலும் விளைவு மாறும். பின்னால் வருவதே செல்லும். "ட்ரைரன்" என்று சேர்த்தால் எதையும் தொடாமல் பட்டியலை மட்டும் காட்டும். நாங்கள் அதைப் பார்க்கவில்லை. பழைய பிரதிகளைக் காக்கும் "வேர்ஷனிங்" வசதியையும், கூடுதல் இடத்துக்குக் காசு என்பதால், நான்தான் வேண்டாம் என்றேன். அந்தச் சிக்கனம் என்னுடைய பிழை.

கடன் வாடிக்கையாளர் ஒருவர் நவம்பர்ப் பில்லைக் கேட்டபோதுதான் இழப்புத் தெரிந்தது. பில் புத்தகத்தின் கார்பன் பிரதிகளைத் தேடி எடுத்து மறுபடி ஸ்கேன் பண்ணுகிறோம். ஒக்டோபர் முடிந்துவிட்டது. நவம்பரில் இரண்டு புத்தகங்கள் இன்னும் அகப்படவில்லை.