சமூகத்தை அறியும் துறைகள் – 6: ஒரே ஊருக்கு மீண்டும் மீண்டும்

சமூகவியல் என்பது குடும்பம், கல்வி, மருத்துவம், நகரம், கிராமம் எனப் பல சிறப்புப் பிரிவுகளாகக் கிளைத்து வளர்ந்த துறை. ஆய்வுக்கு ஒரு பொருள் கிடைத்துவிட்டதாலேயே ஒரு பிரிவு உருவாகிவிடுவதில்லை. அதற்கே உரிய கேள்விகளும், விடை தேடும் முறையும், முன்னவர் கண்டதைச் சரிபார்க்கும் வழக்கமும் அமைந்த பிறகே அது தனித்து நிற்கிறது. இதற்குத் தமிழகக் கிராமங்களில் நடந்த ஆய்வுகள் நல்ல சான்று.

அவற்றின் தொடக்கம் பொருளியலில் இருந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இந்தியப் பொருளியல் பேராசிரியராக இருந்த கில்பர்ட் ஸ்லேட்டர், 1916இல் தம் மாணவர்களிடம் வினாப்பட்டியலைக் கொடுத்து, கிராமங்களின் நிலவுடைமை, கூலி, கடன் ஆகியவற்றைப் பற்றிய விவரங்களைத் திரட்டச் செய்து, 1918இல் நூலாக வெளியிட்டார். அவ்வாறு ஆராயப்பட்ட ஊர்களில் ஒன்றான தென்னார்க்காட்டு இருவேல்பட்டில், பெருநிலக்கிழாரிடம் கடன்பட்டு, அக்கடன் தீராமல் அவர் நிலத்திலேயே உழைத்த படியாட்களின் நிலையும் அதில் பதிவாயிற்று.

எவ்வளவு நிலம், எவ்வளவு கூலி என்பதை வினாப்பட்டியல் சொல்லிவிடும். ஊரில் யார் சொல் எடுபடுகிறது, ஏன் எடுபடுகிறது என்பதை அறிய அங்கேயே தங்கி, மக்களோடு பழகி, அன்றாட வாழ்வைக் கவனிக்க வேண்டும். களப்பணி எனப்படும் இந்த முறையை, 1948இல் மைசூருக்கு அருகிலுள்ள ராம்புரா கிராமத்தில் தங்கி ஆராய்ந்த எம்.என்.சீனிவாஸ் இந்தியச் சமூகவியலில் நிலைநாட்டினார். சாத்திர நூல்கள் வரையும் நால்வருணப் படிநிலையும் ஊரில் கண்ணால் காணும் அதிகாரமும் ஒன்றல்ல என்பதை அவர் அங்கு உணர்ந்தார். எண்ணிக்கை, நிலவுடைமை, அரசியல் செல்வாக்கு ஆகியவற்றால் ஓர் ஊரில் மேலோங்கி நிற்கும் சாதியைக் குறிக்கும் 'ஆதிக்கச் சாதி' என்னும் கருத்தாக்கம் அந்த அனுபவத்திலிருந்து பிறந்தது.

1961–62இல் தஞ்சை மாவட்டக் கிராமம் ஒன்றை 'ஸ்ரீபுரம்' என்ற புனைபெயரில் ஆராய்ந்த ஆந்த்ரே பெத்தேய், ஊரில் யார் சொல் எடுபடுகிறது என்ற கேள்வியை மேலும் கூர்மையாக்கினார். முன்பு ஒரே கையில் குவிந்திருந்த சாதி உயர்வும் நிலமும் அதிகாரமும், பிராமணர்கள் நிலத்தை விற்று நகரங்களுக்குப் பெயர்ந்ததாலும், ஊராட்சி பிராமணரல்லாதார் கைக்குச் சென்றதாலும், ஒன்றிலிருந்து ஒன்று பிரியத் தொடங்கியதை 1965இல் வெளியான அவரது நூல் விளக்கியது. அக்கிரகாரத்தில் தங்கியிருந்ததால் சேரிக்குத் தடையின்றிச் சென்றுவர இயலவில்லை என்பதையும் அவர் மறைக்கவில்லை. ஆய்வாளர் எந்தத் தெருவில் தங்குகிறார் என்பது அவர் எதைக் காண்கிறார் என்பதையும் வரையறுக்கிறது என்னும் இவ்வுணர்வு, களப்பணி முறைக்குக் கிடைத்த பெரும் பாடமாகும்.

முன்னவர் கண்டதைச் சரிபார்க்கும் வழக்கமும் ஸ்லேட்டரின் ஊர்களிலேயே வேரூன்றியது. பி.ஜே.தாமஸும் கே.சி.ராமகிருஷ்ணனும் 1930களில் அவ்வூர்களை மறு ஆய்வு செய்தனர். இருவேல்பட்டை 1981இல் எஸ்.குகனும் ஜோன் மென்ச்சரும், 2008இல் ஜான் ஹாரிஸ், ஜெ.ஜெயரஞ்சன், கே.நாகராஜ் ஆகியோரும் மீண்டும் ஆராய்ந்தனர். படியாள் முறை மறைந்ததையும், விவசாயத்துக்கு வெளியே வேலைகள் பெருகியதையும், நிலக்கிழாரின் பிடி தளர்ந்து தலித் மக்கள் அவரைச் சார்ந்திருக்கும் நிலை குறைந்ததையும், ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுப் பதிவுகளை அருகருகே வைத்தே இன்று உறுதியாகச் சொல்ல முடிகிறது. ஒருமுறை மட்டும் சென்று திரும்பிய எந்த ஆய்வாளரும் இந்த மாற்றத்தின் முழு வடிவத்தைக் கண்டிருக்க இயலாது.

எனவே, தமிழகப் பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் தம் அருகிலுள்ள ஓர் ஊரையேனும் தேர்ந்து, பத்தாண்டுக்கு ஒருமுறை அங்கு மாணவர்களை அனுப்பி, அக்கிரகாரம், குடியானவர் தெரு, சேரி என எல்லாத் தெருக்களிலும் விவரம் திரட்டி, அதை அடுத்த தலைமுறை ஆய்வாளர்களுக்காகப் பாதுகாக்க வேண்டும்.